ஆறிப்போன பூரி

கை இரண்டும் மொச்சை பிதுக்கிக்கொண்டிருக்கின்றன. ராத்திரி ஊறப்போட்டது. தோலைக் கிள்ளி அமுக்கினால் பருப்பு துள்ளிப் போய்ச் சொம்புக்குப் பின்னால் விழுகிறது. நடுநடுவே முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன், அங்கங்கே ஈரம் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்க.

போனை எடுத்து வணக்கம் சொல்கிற வேலைதானே, அதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் அந்த நாற்காலியில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. உங்களில் போன் மணி அடித்தாலே பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிடுகிறவர்கள் யாராவது இருந்தால், நாமெல்லாம் ஒரே சாதி. நான் எட்டாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் மேசையைப் பார்த்துத்தான் பேசுவேன். அப்படிப்பட்ட என்னைப் பிடித்து, கல்யாணத்துக்கு முன்னால், தல்லாகுளத்தில் ஒரு மாடி ஆபீசில் வரவேற்பில் உட்காரவைத்தார்கள். விமானம் ஓட்டப் படிக்கிறவர்களுக்கு எந்த ஊர்ப் பள்ளி நல்ல பள்ளி என்று சொல்லிச் சேர்த்துவிடுகிற ஆபீஸ் அது. அதிலும் முக்கியமாக இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்கிற படிப்பு.

அது என்ன என்று எனக்கு மூன்று தடவை சொல்லித்தந்தார் ராஜமாணிக்கம் சார். முன்பு வடக்கே விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், கண்ணில் ஏதோ கோளாறு வந்து பறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் ஊருக்கு வந்து இந்த ஆபீசைப் போட்டார். மேகத்துக்குள் போய்விட்டால் வெளியே ஒன்றும் தெரியாதாம். வானம் எது, தரை எது என்று கண்ணுக்குப் புரியாதாம். அப்போது முன்னால் இருக்கிற மீட்டர்களை மட்டும் நம்பி ஓட்ட வேண்டும். அதற்கு வாங்குகிற தகுதிதான் இந்த ரேட்டிங். வாங்கினால் போதாது, வருஷா வருஷம் பறந்து காட்டிப் புதுப்பிக்கவும் வேண்டும்.

வேன் நிறைய ஆட்கள்

திருமங்கலத்துப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்தது. பையன் ஒருத்தன், கூட வந்தவர்களை உட்காரவைக்கப் பக்கத்துக் கடையிலிருந்து ஸ்டூல் வாங்கி வர வேண்டியதாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற மாதிரி தட்டில் வாழைப்பழம், வெற்றிலை வேறு. பையனின் மாமா ஆரம்பித்தார். எந்தத் திசை, தண்ணி உப்பா, பக்கத்தில் கோயில் இருக்கா, ஹாஸ்டலில் கொசு எம்புட்டு. விமானத்தைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் பையனின் அம்மா, அதுவரைக்கும் என்னைப் போலவே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லக் கேட்டார். "மேகமே இல்லாத ஊராப் பாருங்கய்யா. இவனுக்குச் சட்டுனு சளி பிடிச்சுக்கும்." சார் சிரிக்கவில்லை. மேகத்துக்குள் ஓட்டத்தான் இந்தப் படிப்பே, மேகம் இல்லாத ஊரில் இடைஞ்சல் இல்லாமல் சீக்கிரம் முடியும், மேகம் வருகிற ஊரில் நல்லாப் பழகும், இரண்டையும் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். அந்தம்மா நன்றாக யோசித்துவிட்டு, தரையிலிருந்தே விமானம் ஓட்டிப் பழக உள் அறையில் வைத்திருந்த பயிற்சிப் பெட்டியைக் காட்டிச் சொன்னார்: "அம்புட்டுதானா? அப்ப அந்த ரூமுக்குள்ளயே ஃபேனைப் போட்டு உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்துருங்கய்யா, சாயங்காலம் நாங்களே வந்து கூட்டிட்டுப் போறோம்."

ரூத் அக்கா

இடுப்பில் பிள்ளையோடு படியேறி வந்தவரைப் பார்த்து, யாரோ தம்பியைச் சேர்க்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பின்னாலேயே அவர் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார். அந்தம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர், எங்களுக்கும் அவர் டீச்சர்தான், வீடு திருநகரில். இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு, "படிக்கப்போறது யாருக்கா?" என்று கேட்டேன். இடுப்பிலிருந்த பிள்ளை என் பேனாவைப் பிடுங்கினான். "இவன் இல்ல, நான்தான்" என்றார் ரூத் அக்கா.

அவர் ஏற்கனவே விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கினவர். கல்யாணம், அப்புறம் ஜோயல் என்கிற இந்தப் பிள்ளை என்று ஆனதில் ரேட்டிங் காலாவதியாகிவிட்டது. இப்போது ஒரு விமானக் கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குள் ரேட்டிங்கைப் புதுப்பிக்காவிட்டால் போய்ச் சும்மா நின்றுவிட்டு வர வேண்டியதுதான். வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. புகுந்த வீட்டில் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார்கள்: இந்த ஒரு தடவை போய்ட்டு வா, தள்ளிப்போனா இதோட விட்டுடணும். ஒத்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தப்பான பள்ளியில போய் மாட்டிக்கிட்டா, ரிப்பேரான பிளேனைப் பார்த்துக்கிட்டு ஹாஸ்டல்லயே உக்கார்ந்திருக்கணும், தெரியும்ல?" என்றார். ரூத் அக்கா பிள்ளையின் கையிலிருந்து என் பேனாவை மெதுவாக விடுவித்து என்னிடம் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "அதுக்குத்தான் சார் உங்ககிட்ட வந்தேன். எனக்கு ரெண்டாவது தடவை கிடையாது."

தொப்பி

பள்ளியில் பழக்கும்போது வெளியே தெரியாமலிருக்கத் தலையில் ஒரு தொப்பி மாட்டிவிடுவார்கள். குதிரைவண்டியில் குதிரைக்குப் போடுகிற கண் மறைப்பு மாதிரி, கீழே மீட்டர் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் வாத்தியார் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொள்வார். ஆபீசில் மாதிரிக்கு ஒன்று ஆணியில் தொங்கும். வருகிறவர்களெல்லாம் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு என் மேசையில் இடித்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் பருத்தி வியாபாரி ஒருத்தர் மகனோடு வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொப்பியை மாட்டிப் பார்த்தார். நாலு எட்டு நடந்தார், சுவரில் முட்டினார், கழற்றினார். எதிரில் ஜோயல் கைதட்டிச் சிரித்தான். அன்றைக்கு ரூத் அக்காவும் வந்திருந்தார். "இதைப் போட்டுக்கிட்டா ஓட்டுவீக?" என்று வியாபாரி அவரிடம் கேட்டார். "ஆமாண்ணே, முன்னாடி இருக்கிற மீட்டரைப் பார்த்துக்கிட்டே ஓட்டணும்" என்றார் அக்கா. வியாபாரி தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு மகனை ஒரு பார்வை பார்த்தார். "ரோட்டைப் பாக்காம ஓட்டுறதுக்கு ஒரு படிப்பா? எங்க ஊரு மினிபஸ் டிரைவரு போனைப் பாத்துக்கிட்டேதான் தெனமும் ஓட்டுறான், அவனுக்கு எவன் ரேட்டிங் குடுத்தான்?"

உள்ளங்கை இங்கிலீஷ்

ரூத் அக்காவுக்கு இரண்டு பள்ளிகளைச் சார் பிரித்துவைத்திருந்தார். ஒன்று கிட்டத்தில், ரயிலேறினால் மறுநாள் காலை போய்ச் சேரலாம். வழவழ தாளில் படம் போட்டிருந்தார்கள், நீச்சல் குளம் கூட இருந்தது. இன்னொன்று வடக்கே வறண்ட பக்கம், ஒரே மைதானமும் ஒரு தகரக் கொட்டகையும். இரண்டுக்கும் போன் போட்டு, இப்போது பறக்கிற நிலையில் எத்தனை விமானம் இருக்கிறது என்று கேட்கிற வேலை என் தலையில் விழுந்தது. சார் கேட்டால் பெரிய ஆள் கேட்கிறார் என்று பூசி மெழுகிவிடுவார்களாம். சாதாரணமாக ஒரு பெண் கேட்டால் உண்மை வருமாம்.

கேள்வியை இங்கிலீஷில், தமிழ் எழுத்தில், உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். வியர்வையில் பாதி அழிந்துபோனது. கிட்டத்துப் பள்ளியில் போனை எடுத்த பெண் குரலில் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி என்னென்னவோ வந்தது. நான் எழுந்து நின்றுகொண்டேன். ஏன் நின்றேன் என்று இன்றுவரைக்கும் தெரியாது. கையில் மிச்சமிருந்ததைப் படித்தேன். அந்தப் பக்கம் வெகுநேரம் பேசினார்கள். "தேங்க்யூ மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"என்னம்மா மாரி, என்ன சொன்னாங்க?" என்றார் சார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எல்லாரும் நல்லா இருக்காங்களாம் சார்" என்றேன். பயிற்சிப் பெட்டியை ஓட்டுகிற சரவணண்ணே ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சம்பந்தி வீட்டுக்குப் போட்டுட்டியா தங்கச்சி?"

சின்னச்சாமி அண்ணே

வடக்குப் பள்ளிக்குப் போடுவதற்கு முன்னால், ஆபீஸ் நம்பருக்குக் கீழே ஹாஸ்டல் மெஸ் என்று இன்னொரு நம்பர் இருந்ததைப் பார்த்தேன். மெஸ்ஸில் இருப்பவர்கள் அம்புட்டு இங்கிலீஷ் பேசமாட்டார்கள் என்று ஒரு நப்பாசை. போட்டேன். ஒரு ஆம்பிளைக் குரல் இந்தியில் என்னமோ அதட்டியது. இங்கிலீஷுக்குத்தான் கையில் எழுதியிருந்தேன், இந்திக்கு நான் எங்கே போக? பயத்தில் "ஆத்தீ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் அதட்டல் நின்றது. அப்புறம் சட்டியை இறக்குகிற ஓசை கேட்டது. "எந்த ஊரு தாயி நீ?" என்று கேட்டார் அந்த ஆள். பேர் சின்னச்சாமி, உசிலம்பட்டிப் பக்கமாம். சமையலுக்கு ஆள் வேண்டும் என்று யாரோ கூட்டிப்போய் வருஷக்கணக்காக அங்கேயே இருக்கிறாராம். ஊரில் மழை உண்டா, கண்மாய் நிறைஞ்சதா, பஸ் ஸ்டாண்டு வேலை முடிஞ்சதா என்று அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். அப்படி யாரிடமும் நான் சரளமாகப் பேசினதே கிடையாது. கடைசியில் விமானக் கணக்கைக் கேட்டேன்.

"பிளேனைப் பத்தி எனக்கு என்ன தாயி தெரியும், என் சோலி அடுப்போட" என்றார். அதோடு விடவில்லை, மனக்குறையைக் கொட்டினார். "விடியக்கருக்கல்ல எந்திரிச்சுப் பூரி போடுறேன். ஒரு பய நேரத்துக்குத் திங்க வர்றதில்ல. தட்டுத் தட்டா மூடி வைக்கிறேன், பத்து பதினொண்ணுக்கு வந்து அப்பளமாக் கெடக்கிறதை நொறுக்கித் திங்குறாங்க. இவனுகளுக்குச் சமைக்கிறதுக்கு நான் ஊருல ஆடு மேய்க்கலாம்."

டீச்சர் எடுத்த முடிவு

இதையும் ஒன்று விடாமல் சாரிடம் சொன்னேன். கேட்ட விஷயம் கிடைக்கவில்லையே, கிடைத்ததையாவது சொல்வோம் என்றுதான். சார் கண்ணாடியைக் கழற்றினார். "இரு இரு. பூரி கதையைத் திரும்பச் சொல்லு." சொன்னேன். "காலைக் காத்துதான் பிளேனுக்குச் சொகம். வெயில் ஏறினா தூக்கித் தூக்கிப் போடும். பசங்க காலைச் சாப்பாட்டுக்கு வரலைன்னா எங்க இருக்காங்கன்னு அர்த்தம்?" என்று கேட்டு, அவரே மேலே விட்டத்தைக் காட்டினார். "இன்னொரு பள்ளி மெஸ்ஸுக்கும் போடு."

போடவே வேண்டியிருக்கவில்லை. அங்கே சமையல் செய்வது சின்னச்சாமி அண்ணனின் மச்சானாம். அவரே விசாரித்துச் சொன்னார். அங்கே எட்டு மணிக்கு டாண்ணு அத்தனை பேரும் வரிசையில் நிற்பார்களாம், சுடச்சுடப் பொங்கல், வடை, ஒரு பருக்கை மிஞ்சாதாம், சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வரைக்கும் கேரம் போர்டாம். மச்சானுக்கு ரொம்பத் திருப்தியாம். சார் வழவழத் தாளை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

அன்றைக்கு ரூத் அக்காவோடு டீச்சரும் வந்திருந்தார். இரண்டு மெஸ் கதையையும் காது கொடுத்துக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அந்தப் பொங்கல் பள்ளிக்கூடத்துலயே சேர்த்துருவோம் சார். பிள்ளை பெத்த உடம்பு, வேளாவேளைக்குச் சூடாச் சாப்பிடணும்" என்றார். ரூத் அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். சார் நீளமாக மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: "டீச்சர், நீங்க நல்ல ஹோட்டல் தேடுறீங்க. ரூத் நல்ல பள்ளிக்கூடம் தேடுது."

மலையில் மோதியது

கிளம்புவதற்கு முன்னால் எங்கள் பெட்டியில் பழகிவிட்டுப் போனால் அங்கே சீக்கிரம் முடியும் என்றார் சார். ப்ளைவுட் பெட்டி அது. பழைய கார் சீட்டு ஒன்றைப் பொருத்தி, முன்னால் திரையும் மீட்டர்களும் வைத்து, சரவணண்ணே கையாலேயே செய்தது. ஸ்பீக்கரில் எஞ்சின் சத்தம் 'ம்ம்ம்' என்று ஒரே சீராக வரும். பக்கத்து அறையில் ஜோயலை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். அந்தச் சத்தம் ஆரம்பித்ததும் அவனுக்குக் கண் சொருகும். அம்மா உள்ளே வானத்தில் இருக்க, பிள்ளை வெளியே தூங்குவான். எனக்கு அந்த ஆபீசில் பிடித்த நேரம் அதுதான். இப்போது என் பிள்ளையைத் தூங்கவைக்கும்போதும் என்னை அறியாமல் அதே 'ம்ம்ம்'தான் வருகிறது.

ஒரு நாள் ஸ்பீக்கர் ஒயர் விட்டுப்போய்ச் சத்தம் நின்றது. ஜோயல் திடுக்கிட்டு முழித்து வீறிட்டான். நானும் என்னென்னவோ செய்தேன், அடங்கவில்லை. உள்ளே சரவணண்ணே குரல் மட்டும் கேட்டது. "அக்கா, உயரம் பாருங்க. அக்கா, உயரம். அக்கா, மலையில மோதிட்டீங்க." ரூத் அக்கா வெளியே வந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். முதுகைத் தட்டிக்கொடுத்தார். "அவன் அழுதா எனக்கு ஒரு மீட்டரும் கண்ணுல படல சார்" என்றார்.

"அங்க போனா இவன் அழுறது உனக்குக் கேக்காதும்மா" என்று தேற்றினார் சார். ரூத் அக்கா பிள்ளையின் தலையை முகர்ந்துகொண்டே சொன்னார்: "கேக்காதுன்னுதான் சார் பயமா இருக்கு."

சின்னப் பைலட்

ரூத் அக்கா வடக்கே போன மறுநாளிலிருந்து ஜோயல் பகலில் தூங்குவதை விட்டுவிட்டான். டீச்சர் பாட்டுப் பாடிப் பார்த்தார், ஜெபம் பண்ணிப் பார்த்தார், மிக்ஸியை ஓடவிட்டும் பார்த்தாராம். ஒரு மத்தியானம் ஆட்டோ பிடித்துத் திருநகரிலிருந்து ஆபீசுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பிள்ளைக்கும் சரி, அவருக்கும் சரி.

சரவணண்ணே போய்ப் பெட்டியின் சுவிட்சைப் போட்டார். 'ம்ம்ம்' என்று எஞ்சின் ஓட ஆரம்பித்தது. ஜோயல் அழுகையைப் பாதியில் நிறுத்திக் கதவைப் பார்த்தான். அம்மா வருவார் என்று நினைத்தானோ என்னவோ. கொஞ்ச நேரத்தில் என் மடியில் தூங்கிப்போனான். அப்புறம் தினமும் வந்தார்கள். வாடிக்கையாளர் யாராவது வந்து, பெட்டிக்குள் யார் ஓட்டுவது என்று எட்டிப் பார்த்தால் சீட்டு காலியாக இருக்கும், வெளியே ஒரு குழந்தை தூங்கும். சரவணண்ணே டீச்சரிடம் சொன்னார்: "டீச்சர், உங்க பேரன் அவங்கம்மாவைவிட அதிக நேரம் பறந்துட்டான். பல் முளைச்சதும் லைசென்ஸ் குடுத்துருவோம்."

புழுதி

ரூத் அக்கா பகலில் வீட்டுக்குப் பேசுவதில்லை என்று வைத்திருந்தார். பிள்ளையின் சத்தம் கேட்டால் அன்றைக்கு முழுக்க ஒன்றும் ஓடாதாம். அதனால் எங்களுக்குச் சேதி சொல்கிறவர் சின்னச்சாமி அண்ணன்தான். காலையில் ஆபீஸ் திறந்ததும் நான் மெஸ்ஸுக்குப் போடுவேன். "ரூத்து தட்டு மூடிக் கெடக்கு தாயி" என்பார். எனக்கு மனசு நிறைந்துவிடும். சாரிடம் போய், "தட்டு மூடியிருக்கு சார்" என்பேன். அவர் தலையாட்டுவார்.

அப்புறம் அங்கே புழுதி கிளம்பியது. வானமெல்லாம் செம்மண் கரைத்து ஊற்றின மாதிரி, பக்கத்துக் கட்டடமே தெரியவில்லையாம். மேகத்தில் ஓட்டுகிற படிப்புதான், ஆனாலும் புழுதியில் பயிற்சி விமானத்தை வெளியே எடுக்கமாட்டார்கள் என்றார் சார். நாள் போய்க்கொண்டிருந்தது. நேர்முகத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. புகுந்த வீட்டிலிருந்து டீச்சருக்குப் போன் வந்தது, "என்ன, தள்ளிப்போகுது போலயே?" என்று. டீச்சர் எங்களிடம் சொல்லிவிட்டுப் பிள்ளையின் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

நல்ல சேதி வராதா என்று நான் மெஸ்ஸுக்குப் போட்டேன். ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம். சின்னச்சாமி அண்ணன் குரலில் என்றைக்கும் இல்லாத சந்தோஷம். "இந்த வாரம்தான் தாயி நான் சமைக்கிற சமையலுக்கு ஒரு மருவாதி. எல்லாப் புள்ளைகளும் நேரத்துக்கு வந்துருது. உங்க ரூத்து இன்னிக்கு ரெண்டு பூரி சேத்துச் சாப்புட்டுச்சு!"

மூடிவைத்த தட்டு

ஒரு காலையில் நான் போடுவதற்கு முன்னாலேயே போன் அடித்தது. மெஸ் நம்பர். சின்னச்சாமி அண்ணன் கோபமாக இருந்தார். "என்ன தாயி உங்க ஊருப் புள்ள இப்படிப் பண்ணுது? விடியிறதுக்கு முன்னாடி வந்து ஒரு டீத்தண்ணியக் குடிச்சிட்டுப் போச்சு. எட்டாச்சு, ஒம்பதாச்சு, ஆளைக் காணோம். புழுதி அடங்கிருச்சுன்னு பரிச்சை வைக்கப் பெரிய அதிகாரி வந்திருக்காராம், அவரோட மேல போயிருக்காம். பூரி கல்லாப் போச்சு." நான் "தட்டு மூடியிருக்கு சார்" என்று கத்தியேவிட்டேன். என் குரல் அவ்வளவு பெரிசு என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். சார் நாற்காலியிலிருந்து எழுந்தவர் உட்காரவேயில்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தார். சரவணண்ணே வேலை ஓடாமல் அந்தத் தொப்பியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வழக்கம்போல டீச்சர் பிள்ளையோடு வந்தார். சொன்னோம். "சாப்பிடாமயா போயிருக்கா?" என்றார், அவருக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது. பெட்டியை ஓடவிட்டோம். ஜோயல் தூங்கினான். நாங்கள் நாலு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மணி அடித்தது. எடுக்கச் சொல்லிச் சார் எனக்குச் சைகை காட்டினார். எடுத்தேன். "மாரி," என்றார் ரூத் அக்கா. மூச்சு வாங்கியது. "முடிஞ்சது. நிஜ மேகமே வந்துச்சு மாரி. ஒண்ணும் தெரியல வெளிய. மீட்டர் மட்டும் பார்த்தேன். பாஸ். உன் பின்னாடி என்ன அது, 'ம்ம்ம்'னு சத்தம்? பெட்டியா? அவன் தூங்குறானா?" "தூங்குறான்க்கா" என்றேன்.

சார் கண்ணாடியைத் துடைத்தார். சரவணண்ணே தொப்பியை ஜோயலின் காலடியில் கொண்டுபோய் வைத்தார். போனை டீச்சரிடம் நீட்டினேன். "அம்மா, நான் பாஸாயிட்டேம்மா" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வகுப்பில் கேட்கிற குரலில் கேட்டார்: "பாஸானது இருக்கட்டும். அந்த மனுஷன் மூடிவச்ச பூரியைத் தின்னியா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல."

ரூத் அக்காவுக்கு அந்த வேலை கிடைத்தது. ஜோயல் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், பகலில் தூங்கச் சொன்னால் அடிக்க வருகிறானாம். சார் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த மாடியில் இப்போது செல்போன் கடை. போன தடவை தல்லாகுளம் போனபோது கீழே நின்று பார்த்தேன், ஏறவில்லை. எனக்குக் கல்யாணமாகித் திருமங்கலம் வந்தாகிவிட்டது. என் மகனை எல்கேஜியில் சேர்க்க வேண்டும். வீட்டுக்காரர் பெரிய கேட்டு, பெரிய போர்டு, யானைச் சறுக்கு எல்லாம் பார்த்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தை முடிவு பண்ணி வந்தார். நான் ஒன்றும் சொல்லாமல், அங்கே ஆயாவாக இருக்கிற அக்காவைச் சந்தையில் பிடித்து, பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் ஓடி வருமா, விளையாட்டை விட்டு வர மனசில்லாமல் நிற்கிறதுகளை இழுத்துக்கொண்டு வரணுமா என்று கேட்டேன். அந்த அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் பதில் சொன்னார். இழுத்துக்கொண்டுதான் வர வேண்டுமாம். சேர்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆக, அத்தனை நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் படித்த படிப்பு என்னவென்றால், ஒரு இடத்தில் சாப்பாடு ஆறிப்போகிறது என்றால் அங்கே ஏதோ வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம், இதை எங்கள் அத்தைக்குப் புரியவைத்து, நம் வீட்டுக் குழம்பு ஆறுவதும் அதனால்தான் என்று... "மாரி! மொச்சையைப் பிதுக்குறியா, இல்ல அதுகூடப் பேசிக்கிட்டு இருக்கியா?" இந்தா வாரேன் அத்தே, ஆச்சு, இன்னும் ஒரு கைப்பிடிதான், அப்புறம் அந்தக் குழம்பு...